சிறுநீரில் இல்லாத பாதரசம்

பாதரசம் புழங்கும் தொழிலில் உழைத்த ஒருவர் கை நடுக்கத்தோடும் கால் மரப்போடும் மருத்துவரிடம் வந்து சேரும்போது, அவர் உடலில் புகுந்த பாதரசத்தின் பெரும்பகுதி சிறுநீரிலும் மலத்திலும் வெளியேறிப்போய், அது நரம்பில் செய்துவிட்ட கேடு மட்டும் எஞ்சி நிற்பது தொழில்நோய் மருத்துவத்தில் அடிக்கடி எதிர்ப்படும் நிலை. ஆய்வகம் தரும் எண்ணை மட்டும் நம்பும் மருத்துவர் அப்போது ‘பாதரசப் பாதிப்பு இல்லை’ என்று எழுதிவிடுகிறார். அந்த ஒரு வரியே பின்னர் இழப்பீட்டு வழக்கில் தொழிலாளிக்கு எதிரான சான்றாகி நிற்கிறது. இத்துறையில் பழகிய மருத்துவர்கள் எண்ணைவிடக் கையையும், கையைவிடத் தொழில் வரலாற்றையும் முதலில் கேட்டறிய வேண்டியவையாகக் கொள்வதற்கு இதுவே காரணம்.

உடைந்த தெர்மாமீட்டரின் பாதரசத்தைக் குழந்தை விழுங்கிவிட்டது என்று பதறி ஓடிவரும் பெற்றோருக்கு மருத்துவர் ஆறுதல் சொல்லி அனுப்புவது வழக்கம். ஏனெனில் தனிம நிலையில் உள்ள நீர்மப் பாதரசத்தைக் குடல் ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை, அது அப்படியே மலத்தோடு வெளியேறிவிடுகிறது. அதே பாதரசம் காற்றில் ஆவியாகக் கலந்து மூச்சுக்குள் போனால் அதில் ஏறத்தாழ 80 விழுக்காடு நுரையீரலில் தங்கி இரத்தத்தில் கலக்கிறது. நிறமும் மணமும் இல்லாத இந்த ஆவி, அறை வெப்பத்திலேயே ஓயாமல் எழுந்துகொண்டிருக்கும். 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் மூடிய அறையின் காற்று ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 13 மில்லிகிராம் பாதரசத்தைத் தாங்கும். வெப்பம் 30 டிகிரியானால் அந்த அளவு இருமடங்கைத் தாண்டிவிடும். இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் பாதரச ஆவிக்கு வகுத்த உச்சவரம்பு ஒரு கனமீட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்பதையும் இதையும் அருகருகே வைத்துப் பார்த்தால், காற்றோட்டமற்ற கூடத்தில் தரையில் சிதறிக் கிடக்கும் சில துளிகள் எத்தகைய இடரை உண்டாக்கும் என்பது விளங்கும்.

ஆவி நிலையில் உள்ள பாதரச அணு மின்னேற்றம் அற்றது, கொழுப்பில் கரையக்கூடியது. ஆகவே இரத்தத்திலுள்ள வேண்டாத பொருள்கள் மூளைக்குள் நுழையாமல் காக்கும் இரத்த-மூளைத் தடுப்பை அது எளிதாகக் கடந்துவிடுகிறது. உள்ளே சென்றபின் கேட்டலேஸ் என்னும் நொதி அதை ஆக்சிஜனேற்றம் செய்து மின்னேற்றம் பெற்ற அயனியாக மாற்றுகிறது. அயனியானபின் அதனால் எளிதில் திரும்பி வெளியேற முடிவதில்லை. புரதங்களில் உள்ள கந்தகக் கூறுகளோடு இறுகப் பிணைந்து, நொதிகளின் வேலையையும், நரம்பிழைக்குள் சத்துப்பொருள்களைக் கொண்டுசெல்லும் நுண்குழல்களின் கட்டமைப்பையும் அது குலைக்கிறது. நீளமான நரம்பிழைகளே முதலில் தளர்வதால் கால்விரல் நுனிகளில் தொடங்கும் மரப்பு மெல்ல மேலேறுகிறது. சிறுமூளையும் அதனோடு இணைந்த பாதைகளும் பாதிக்கப்படுவதால் கை நடுங்குகிறது.

இந்த அறிவு ஒரே நாளில் வந்ததன்று. இன்றைய ஸ்லோவேனியாவில் உள்ள இத்ரியா பாதரசச் சுரங்கத்தில் தொழிலாளர்களின் நடுக்கத்தைக் கண்டு 1665ஆம் ஆண்டிலேயே வேலைநேரத்தை ஆறு மணியாகக் குறைத்தார்கள். தொழில்சார் உடல்நலத்துக்காகப் பிறந்த மிகப் பழைய விதிகளுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ரமத்சினி 1700இல் வெளியிட்ட தொழிலாளர் நோய்கள் பற்றிய நூலில் பொன்முலாம் பூசுவோரையும் வெனிஸ் நகரக் கண்ணாடித் தொழிலாளர்களையும் பற்றி எழுதினார். இத்ரியாவிலேயே சுரங்க மருத்துவராக இருந்த ஸ்கோபோலி 1761இல் தாம் கண்டவற்றை நூலாக்கினார். ஜெர்மானியரான அடால்ஃப் குஸ்மால் 1861இல் வெளியிட்ட ஆய்வை இத்துறையின் முதல் முறையான மருத்துவ நூல் என்றே கூறலாம். நூரம்பர்க், ஃபுர்த் பகுதியில் வெள்ளீயத் தகட்டின்மேல் பாதரசத்தைப் பரப்பி அதன்மேல் கண்ணாடியை அழுத்தி முகம் பார்க்கும் கண்ணாடி செய்த தொழிலாளர்களை நேரில் சோதித்து, நடுக்கம், ஈறு அழற்சி, மனநிலை மாற்றம் என்ற மூன்றையும் ஒருங்கே வைத்து அவர் விவரித்தார். இன்றும் பாடநூல்கள் சொல்லும் மும்மைக் குறிகள் இவையே. அந்த ஊர்க் கண்ணாடித் தொழிலாளர்களைக் காப்பாற்றியது மருந்து என்பதற்கில்லை. வெள்ளி பூசும் முறை வந்து பாதரசத்தை அந்தத் தொழிலிலிருந்தே வெளியேற்றியதுதான் நோயை ஒழித்தது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து டான்பரி நகரில் முயல்மயிரைப் பாதரச நைட்ரேட்டில் தோய்த்துத் தொப்பிக் கம்பளம் செய்தவர்களின் கை நடுக்கத்துக்கு ஊர்ப்பெயரே நோய்ப்பெயராயிற்று. அந்தப் பயன்பாடு 1941 டிசம்பரில்தான் அங்கே நின்றது.

தொழில் வரலாற்றைக் கேட்பது என்பது ‘என்ன வேலை’ என்ற ஒரு கேள்வியோடு முடிவதில்லை. ‘கம்பெனி வேலை’ என்ற விடை எதையும் சொல்வதில்லை. எந்தப் பிரிவு, எந்த மேசை, அருகில் உலை இருந்ததா, சன்னல் திறந்திருந்ததா, தரை எப்படிப்பட்டது, யார் கூட்டினார்கள், மதியச் சோறு எங்கே உண்டார்கள் என்று இறங்கிக் கேட்க வேண்டும். வெப்பமானி செய்யும் தொழிலை எடுத்துக்கொண்டால், மயிரிழை போன்ற துளையுடைய கண்ணாடிக் குழாய்களில் காற்றை வெளியேற்றி வெற்றிடமாக்கிப் பாதரசத்தை ஏற்றுவதும், சூடேற்றி மிகையானதை வெளித்தள்ளுவதும், வாயை உருக்கி அடைப்பதும், அளவு சரிபார்ப்பதும் அடுத்தடுத்த வேலைகள். இவற்றுள் சூடேற்றும் இடத்தில் ஆவி மிகுதி, உடைந்தவை குவியும் இடத்தில் சிதறல் மிகுதி. ஒரு வெப்பமானியில் உள்ள பாதரசம் ஏறத்தாழ ஒரு கிராம்தான் என்றாலும், உடைந்தவை ஆயிரக்கணக்கில் கூடும்போது கணக்கு வேறாகிறது. தரையில் விழுந்த பாதரசம் உருண்டோடிச் சிமெண்டு வெடிப்புகளிலும் மேசைக்கால் ஓரங்களிலும் ஒளிந்துகொள்ளும். துடைப்பத்தால் கூட்டினால் ஓர் உருண்டை நூறு மணிகளாகச் சிதறி, ஆவி எழும் மேற்பரப்பு பெருகும். சாதாரண வெற்றிடத் துப்புரவுக் கருவியால் உறிஞ்சினால் அது ஆவியைக் கூடம் முழுவதும் ஊதிப் பரப்பும். இக்காரணத்தால் உற்பத்தி மேசையில் அமர்ந்தவரைவிடக் கூட்டிப் பெருக்கியவர் மிகுதியாகப் பாதிக்கப்பட்டிருப்பதும் உண்டு. ஆனால் கூட்டுபவர் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளி என்பதால் ஆலையின் மருத்துவப் பதிவேட்டில் அவர் பெயரே இருப்பதில்லை. வேலை உடுப்போடு வீடு திரும்பும் வழக்கம் உள்ள இடங்களில் அந்த உடுப்பைத் துவைக்கும் வீட்டுப் பெண்களையும் கேட்டறிவது முறை.

பாதரசத்தைத் தொழிற்சாலையோடு மட்டும் சேர்த்து நினைப்பது பலருடைய பழக்கம். பல் மருத்துவமனைகளில் வெள்ளித்தூளையும் பாதரசத்தையும் சிறு கல்வத்தில் இட்டு அரைத்து, மிகையான பாதரசத்தைத் துணியில் வைத்து விரலால் பிழிந்து வெளியேற்றிய தலைமுறை ஒன்று இருந்தது; அந்த வேலையைச் செய்தவர் பெரும்பாலும் உதவியாளரே. இரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கருவிகளைத் திறந்து அழுக்கேறிய பாதரசத்தை வடிகட்டி மீண்டும் நிரப்பிய பழுதுபார்ப்போர், நகைப் பட்டறைக் குப்பையில் பாதரசத்தைக் கலந்து பொன்துகளைப் பிரித்து, பின் அந்தக் கலவையைச் சூடேற்றிப் பாதரசத்தைப் புகையாகப் போக்கியவர்கள் ஆகியோரும் இந்த வரிசையில் உள்ளவர்களே. உலகளவில் இன்று மிகப் பெரும் எண்ணிக்கையில் பாதரச ஆவிக்கு ஆட்படுபவர்கள் ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் சிறு அளவில் பொன் தோண்டும் மக்கள்; அவர்களுள் பலர் அந்தக் கலவையைச் சமையல் அடுப்பிலேயே வைத்துச் சுடுகிறார்கள்.

சோதனை கையில் தொடங்குகிறது. இரு கைகளையும் முன்னே நீட்டி விரல்களை விரிக்கச் சொல்லி, விரல்களின்மேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்தால், கண்ணுக்குத் தெரியாத நடுக்கமும் தாளின் ஓரத்தில் தெரிந்துவிடும். பாதரச நடுக்கம் தொடக்கத்தில் நுண்ணியது. விரல்களிலும், மூடிய கண்ணிமைகளிலும், உதட்டிலும், நீட்டிய நாவிலும் காணப்படுவது. அது இயக்கத்தின்போது கூடும் இயல்புடையது; மடிமேல் ஓய்வாகக் கிடக்கும் கையில் அடங்கி, ஒரு பொருளை நோக்கி நீளும்போது எழும். இவ்வியல்பால் ஓய்வில் மிகுந்து செயலில் குறையும் பார்க்கின்சன் நோயின் நடுக்கத்திலிருந்து இதைப் பிரித்தறிய முடிகிறது. விளிம்புவரை நீர் நிரம்பிய தம்ளரை வாய்க்குக் கொண்டுபோகச் சொன்னால், பாதித் தொலைவு சிந்தாமல் வரும் நீர் உதட்டை நெருங்கும்போது தளும்பி வழியும். சுருள்கோடு வரையச் சொல்வதும், பெயரையும் ஊரையும் எழுதச் சொல்வதும் வழக்கமான சோதனைகள். இவற்றை நாளிட்டுக் கோப்பில் வைப்பது எந்த விலையுயர்ந்த கருவியையும்விடப் பயன்படும், ஏனெனில் ஆறு மாதம் கழித்து வரையும் சுருளோடு ஒப்பிட்டால் நோய் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது எவருக்கும் விளங்கும். வேலைக்குச் சேர்ந்த காலத்துக் கையெழுத்துள்ள பழைய வங்கிப் படிவமோ விண்ணப்பமோ கிடைத்தால் அது இன்னும் நல்லது. பழைய கையெழுத்தின் சீரான வளைவும் புதியதன் பல்சக்கர ஓரமும் ஒரே தாளில் நின்று சாட்சி சொல்லும்.

மனநிலை மாற்றத்தை மருத்துவ நூல்கள் எரெதிசம் என்னும் கிரேக்க வேர் கொண்ட பெயரால் குறிக்கின்றன. உறக்கமின்மை, மறதி, காரணமற்ற சினம், அயலார் முன் கூசி ஒதுங்குதல், தன்னை யாரேனும் கவனிக்கிறார்கள் என்றால் வேலையே ஓடாமை ஆகியவை அதன் கூறுகள். இதை நோயாளி தாமாகச் சொல்வது அரிது. ‘முன்ன மாதிரி இல்லீங்க, தொட்டதுக்கெல்லாம் எரிஞ்சு விழறாரு’ என்று உடன் வந்த மனைவி தயங்கிச் சொல்லும் சொல்லில்தான் பெரும்பாலும் அது வெளிப்படும். மருத்துவர் உற்றுப் பார்க்கையில் நடுக்கம் கூடுவதும் இந்நோயின் ஒரு பகுதியே ஆதலால், ‘நடிக்கிறார்’ என்றோ ‘குடிப்பழக்கம்’ என்றோ முத்திரை குத்தப்பட்டுத் திரும்பியவர்கள் பலர். குடியை விசாரிக்கக் கூடாது என்பதில்லை. குடி, தைராய்டு மிகைச் சுரப்பு, ஆஸ்துமாவுக்கு உண்ணும் சில மருந்துகள், பரம்பரை நடுக்கம் ஆகியவற்றை எல்லாம் விலக்கிப் பார்க்க வேண்டும். குடிப்பவர் என்பதனாலேயே பாதரசம் அவரைத் தொடவில்லை என்று முடிவுகட்டுவதுதான் பிழை.

கால்நரம்புகளைச் சோதிப்பதில் தமிழ்நாட்டு மருத்துவருக்குத் தனியான ஒரு சிக்கல் உண்டு. 128 அதிர்வெண் கொண்ட இசைக்கவையைத் தட்டிப் பெருவிரல் எலும்பின்மேல் வைத்தால் அதிர்வு தெரியவில்லை என்று நோயாளி சொல்வார். குதிகால் தசைநார் அனிச்சை குறைந்திருக்கும். நரம்புக் கடத்தல் சோதனையில் கெண்டைக்கால் உணர்வு நரம்பின் அலை உயரம் சுருங்கியிருக்கும். நரம்பிழையின் உட்கூறே நலிந்ததைக் காட்டும் இந்தப் படம் பாதரசத்தில் வரக்கூடியதே. ஆனால் நீரிழிவிலும் ஏறத்தாழ இப்படியேதான் வரும். காசநோய்க்கு உண்ணும் ஐசோனியசிட் மருந்தும், பி12 உயிர்ச்சத்துக் குறைவும் இதே தோற்றத்தைத் தரலாம். ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடையே நீரிழிவு இத்துணைப் பரவியுள்ள ஒரு நாட்டில், சர்க்கரை அளவு சற்றுக் கூடியிருந்தால் கால் மரப்பு முழுவதையும் அதன் கணக்கில் எழுதிவிடுவது எளிதாகிவிட்டது. மரப்பு எந்த ஆண்டில் தொடங்கியது, நீரிழிவு எந்த ஆண்டில் தெரியவந்தது, நடுக்கமும் உடன் உண்டா என்ற மூன்று கேள்விகளைக் கேட்டாலே பல நேரங்களில் வழி பிறக்கும். நீரிழிவு நரம்புநோய் கையைச் சுருள்கோடு வரைய முடியாதபடி நடுங்கச் செய்வதில்லை.

ஆய்வகச் சோதனைக்கு அதற்குரிய இடம் உண்டு. அது வேலையில் இருக்கும்போதே செய்யப்பட வேண்டும். தனிமப் பாதரச ஆவிக்கு ஆட்பட்டவரிடம் சிறுநீரையும், மீன் வழியாக உடலில் சேரும் மெத்தில் பாதரசத்தை அறிய இரத்தத்தையும் சோதிப்பது பொதுவான முறை. இதை மாற்றிச் செய்துவிட்டு, நாள்தோறும் கடல்மீன் உண்ணும் ஒருவரின் இரத்த அளவைக் கொண்டு ஆலையைக் குற்றஞ்சாட்டுவதும், அதே மீனைக் காட்டி ஆலையைக் குற்றமற்றதாக்குவதும் இரண்டுமே நடந்திருக்கின்றன. சிறுநீரின் அடர்த்தி நேரத்துக்கு நேரம் மாறுவதால், அதிலுள்ள கிரியேட்டினின் அளவோடு ஒப்பிட்டே பாதரச அளவைச் சொல்ல வேண்டும். அமெரிக்கத் தொழில்நலவியலாளர் அமைப்பு ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 35 மைக்ரோகிராம் என்று வைத்திருந்த வழிகாட்டு அளவைப் பின்னர் 20ஆகக் குறைத்தது. மாதிரியை வேலை உடுப்பைக் களைந்து, கைகழுவி, ஆலைக்கூடத்துக்கு வெளியே எடுக்காவிட்டால், உடுப்பிலிருந்து உதிர்ந்த ஒரு நுண்மணியே முடிவைக் கெடுத்துவிடும். பாதரசத்தை ஈர்த்து வெளியேற்றும் மருந்தைக் கொடுத்துவிட்டு அதன்பின் சிறுநீரைச் சோதித்து, எவருக்கும் கூடியே தீரும் எண்ணைக் காட்டி அச்சுறுத்தும் வணிகப் போக்கும் அண்மைக்காலத்தில் தலைதூக்கியுள்ளது. அதைத் தொழில்நோய்ச் சான்றாக ஏற்க முடியாது.

உடலில் உள்ள பாதரசத்தில் பாதி வெளியேற ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். இதையே அரைவாழ்காலம் என்பர். அப்படியானால் வேலையை விட்டு ஓராண்டு கழித்தவரின் சிறுநீரில் பெரிதாக எதுவும் எஞ்சியிருக்காது. பத்தாண்டு கழித்துச் சோதிப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஆனால் நரம்பு அப்படி மீள்வதில்லை. அமெரிக்காவில் அணுஆயுதத் திட்டத்துக்காக லித்தியத்தைப் பிரிக்கப் பெருமளவு பாதரசம் பயன்படுத்திய ஆலையின் முன்னாள் தொழிலாளர்களை, ஆட்பட்டு 20 முதல் 35 ஆண்டுகள் கழித்து, ஆல்பர்ஸ் குழுவினர் ஆராய்ந்து 1988இல் வெளியிட்டனர். பணிக்காலத்தில் சிறுநீரில் லிட்டருக்கு 0.6 மில்லிகிராமைத் தாண்டியவர்களிடம், அத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் தசை வலிமைக் குறைவும், ஒத்தியக்கக் குறைவும், மிகுந்த நடுக்கமும், உணர்வுக் குறைவும் காணப்பட்டன. இந்த ஆய்வு சாத்தியமானதற்குக் காரணம் ஒன்றே: அன்று எடுத்த சிறுநீர் அளவுகள் ஒவ்வொருவர் பெயரிலும் பதிவேட்டில் இருந்தன.

கொடைக்கானல் வெப்பமானித் தொழிற்சாலையின் வழக்கை இந்தக் கோணத்திலிருந்து பார்ப்பது பயனுடையது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட இயந்திரங்களோடு 1980களின் தொடக்கத்தில் நிறுவப்பட்ட அந்த ஆலை, பாதரசம் படிந்த உடைகண்ணாடி ஊருக்குள் ஒரு பழைய பொருள் கிடங்கில் கண்டறியப்பட்டதையடுத்து 2001இல் மூடப்பட்டது. தங்கள் நோய்களுக்குப் பாதரசமே காரணம் என்று முன்னாள் தொழிலாளர்கள் கூறினர். நிறுவனம் அதை ஏற்கவில்லை. ஆலை மூடிப் பல ஆண்டுகள் கழித்து அமைந்த வல்லுநர் குழுக்கள் ஒன்றுக்கொன்று மாறுபட்ட முடிவுகளைச் சொல்லின. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீண்ட வழக்கு, 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு செய்துகொண்ட உடன்பாட்டில் முடிந்தது. யார் சொன்னது சரி என்பதைத் தீர்ப்பது இக்கட்டுரையின் வேலையன்று. ஆயினும் ஆட்பட்டது நின்று ஆண்டுகள் கழிந்தபின், பணிக்காலத்து முழுப் பதிவுகள் தொழிலாளி கையில் இல்லாத நிலையில், எந்தக் குழுவும் ஐயத்துக்கு இடமின்றி ஒன்றைச் சொல்லியிருக்க முடியாது என்பது தொழில்நோய் மருத்துவம் அறிந்தவர்க்கு வியப்பளிப்பதில்லை. சான்று இல்லாமை வேறு, பாதிப்பு இல்லாமை வேறு; இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசியதே அந்த விவாதம் முழுவதிலும் தொழிலாளரை மிகவும் வருத்தியது.

கரிமப் பாதரசத்தின் கதை வேறு. விதைகளுக்குப் பூஞ்சைக்கொல்லியாகப் பூசும் மெத்தில் பாதரசச் சேர்மம் செய்த இங்கிலாந்துத் தொழிற்சாலையில் நான்கு தொழிலாளர்களுக்கு நடை தள்ளாட்டம், பேச்சுக் குழறல், பார்வைப் புலம் குழாய்போல் சுருங்குதல் ஆகியவை நேர்ந்ததை ஹன்ட்டரும் ரஸ்ஸலும் மற்றொருவரும் 1940இல் விவரித்தனர். ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் மக்கள் கூட்டமாக நோயுற்றபோது, நஞ்சு எதுவென்று கண்டுபிடிக்க உதவியது இந்த நான்கு தொழிலாளர்களின் மருத்துவக் குறிப்புகளே.

சிகிச்சையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தொழிலாளியைப் பாதரசத்திலிருந்து விலக்குவதே முதல் மருந்து. அதற்கு அவருடைய கூலி குறையாத மாற்றுவேலை வேண்டும், இல்லாவிட்டால் அவர் நோயை மறைத்துக்கொண்டு அதே மேசைக்குத் திரும்புவார். டிஎம்எஸ்ஏ போன்ற ஈர்ப்பு மருந்துகள் சிறுநீரில் பாதரசம் வெளியேறுவதைக் கூட்டும். மூளையில் பிணைந்துவிட்டதை அவை பெயர்த்தெடுக்கும் என்பதற்கு உறுதியில்லை. தொடக்கத்திலேயே விலக்கப்பட்டவரின் நடுக்கம் சில மாதங்களில் தணிவதும், உறக்கம் திரும்புவதும், கையெழுத்து சீராவதும் உண்டு. ஆண்டுக்கணக்கில் ஆட்பட்டவரிடம் அந்த அளவு மீட்சியை எதிர்பார்க்க இயலாது.

சட்டம் இதில் பின்தங்கியிருந்தது என்று சொல்ல முடியாது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1925இல் இழப்பீட்டுக்குரிய தொழில்நோய்களைப் பட்டியலிட்டபோது அதிலிருந்தவை மூன்றே: ஈய நஞ்சு, பாதரச நஞ்சு, ஆந்த்ராக்ஸ். இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் பாதரச நஞ்சையும் அதன் பின்விளைவுகளையும் அறிவிக்கவேண்டிய நோயாக்கியது. அத்தகைய நோயாளியைக் காணும் எந்த மருத்துவரும், அவர் ஆலை மருத்துவராக இல்லாவிடினும், தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்றது அதன் 89ஆம் பிரிவு. தவறினால் 1,000 ரூபாய் வரை அபராதம் என்றும் அது வகுத்திருந்தது. அதன் இடத்தில் வந்துள்ள புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்பிலும் இந்தக் கடமை தொடர்கிறது. தனியார் மருத்துவமனைகளில் பணியாற்றும் மருத்துவர் பலர் இப்படியொரு கடமை தமக்கு உண்டென்றே அறியாதிருப்பது வருந்தத்தக்கது. கை நடுக்கத்தோடு வருபவரின் மருத்துவச் சீட்டில் சர்க்கரை அளவுக்கு மேலே அவர் எந்தக் கூடத்தில், எந்த மேசையில், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்தப் பொருளோடு வேலை செய்தார் என்று நான்கு வரி எழுதுவதும், சுருள்கோட்டுத் தாளை நாளிட்டு இணைப்பதும், அதன் படி ஒன்றைத் தொழிலாளியின் கையிலேயே கொடுத்தனுப்புவதும் மருத்துவர்கள் இன்றே தொடங்கக்கூடிய வேலை.